குத்துப்பட்ட மூளையும் படம் பிடித்த கருவிகளும்



மெர்டேக்கா அரங்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31. துங்கு அப்துல் ரஹ்மான் கையை உயர்த்தி ஏழு முறை ‘மெர்டேக்கா’ என்று முழங்கிய இடம் அது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து மனம் வைத்தால் நடந்தே போய்விடலாம். அதே அரங்கில், ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழித்து நடந்த வேறொரு நிகழ்ச்சியிலிருந்து நம் பேச்சைத் தொடங்குவோம்.

1975 ஜூலை 1, செவ்வாய்க்கிழமை. காலை நேரத்தில், திறந்த வெளியில், ஓர் உலகக் குத்துச்சண்டைப் போட்டி. காலையில் ஏன் வைத்தார்கள் என்று கேட்பீர்கள். நமக்குக் காலை என்றால் அமெரிக்காவில் அது ஜூன் 30 இரவு. அங்குள்ளவர்கள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சாவகாசமாகத் திரையில் பார்க்க வேண்டும் என்பதற்காக இங்கே வெயிலில் மேடை போட்டார்கள். நம் தோட்டத்து மக்களில் பலர் அந்த நேரத்தில் மங்கையும் கத்தியையும் பிடித்துக்கொண்டு மரத்தடியில்தான் இருந்திருப்பார்கள். பாலை நிறுத்துப் போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பிய பிறகே முடிவு காதில் விழுந்திருக்கும்.

மேடையின் ஒரு மூலையில் முகமது அலி. அப்போது அவருக்கு வயது 33. எதிர்மூலையில் ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் வளர்ந்த ஜோ பக்னர், வயது 25. மூன்று நிமிடச் சுற்றுகள் 15. ஆக 45 நிமிடச் சண்டை. யாரும் விழவில்லை, யாருக்கும் பெரிய காயம் இல்லை. புள்ளிக் கணக்கில் அலி வென்றார். சண்டை சுவைக்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டவர்களும் உண்டு.

இனிமேல்தான் நாம் சொல்ல வந்த செய்தி. அந்த அலிக்கு 1984இல், 42 வயதில், நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயின் குறிகள் இருப்பதாக மருத்துவர்கள் அறிவித்தார்கள். உலகத்தையே பேசிப் பேசி மடக்கிய நாக்கு மெல்ல மெல்ல அடங்கியது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை ஏற்றியபோது அவர் கை நடுங்கியதை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2016 ஜூன் 3ஆம் தேதி அவர் மறைந்தார். ஜோ பக்னரோ கடைசிக் காலத்தில் நினைவிழப்பு நோயால் பாதிக்கப்பட்டு, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருந்து, 2025 செப்டம்பர் 1ஆம் தேதி காலமானார். யாருக்கும் பெரிய காயம் இல்லை என்று எண்ணிய அந்த மேடையில் நின்ற இருவரையுமே மூளை நோய் பிடித்தது. குத்துகள்தாம் இதற்குக் காரணமா? அப்படியானால் அதை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியாதா? மருத்துவ உலகம் இந்த இரண்டு கேள்விகளோடும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறது.

முதலில் மூளையைப் பற்றிச் சிறிது. வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. கெட்டித் தயிரைப்போல மென்மையானது. மண்டையோடு என்னும் கெட்டிப் பெட்டிக்குள் ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. காண்டா வாளியில் பால் தூக்கிக்கொண்டு வேகமாக நடப்பவர் சட்டென்று நின்றால் என்ன ஆகிறது? வாளி நின்றுவிடும், பால் நிற்காது, அலைமோதும். தலையில் அடி விழும்போதும் அதுதான் நடக்கிறது. அதிலும் தாடையில் பக்கவாட்டாகக் குத்து விழுந்து தலை திருகும்போது, மூளைக்குள் ஓடும் நுண்ணிய நரம்பு இழைகள் இழுபடுகின்றன. சில அறுந்தும் போகின்றன. மண்டையோட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. வெளியே ரத்தம் வராது. அடிபட்டவனே ‘ஒன்றுமில்லை’ என்று எழுந்து நிற்பான்.

இந்த ‘ஒன்றுமில்லை’யை முதலில் சந்தேகித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். குத்துச்சண்டைக்குக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய ரசிகர்கள். வயதான வீரன் குடிக்காமலே தள்ளாடுவதையும், சொல் குழறுவதையும் பார்த்து, குத்து வாங்கியே போதை ஏறியவன் என்று அவர்கள் கேலி செய்தார்கள். அந்தக் கேலிச் சொல்லையே தலைப்பாக வைத்து, 1928இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை எழுதினார் ஹாரிசன் மார்ட்லண்ட். நியூஜெர்சி மாநிலத்தில் இறந்தோரின் உடலைப் பரிசோதிக்கும் மருத்துவர் அவர். முதலில் கால் இழுக்கும், பிறகு நாக்குக் குழறும், பிறகு கை நடுங்கும், கடைசியில் அறிவு மங்கும் என்று படிப்படியாக விவரித்தார். 1937இல் இதற்கு லத்தீன் மொழியில் பெரிய பெயர் ஒன்றும் சூட்டினார்கள். பெயர் பெரிதானதே தவிர, உயிரோடிருப்பவனின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை.

எக்ஸ்ரே அப்போது இருந்ததே என்று கேட்கலாம். 1895இல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், மூளையைக் காட்டாது. மரத்தின் பட்டையை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே பூச்சி அரித்திருக்கிறதா என்று சொல்லச் சொன்னால் எப்படியோ, அப்படி. இதற்கு வால்டர் டாண்டி என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1919இல் ஒரு வழி சொன்னார். முதுகுத் தண்டில் ஊசி குத்தி, மூளையைச் சுற்றியுள்ள திரவத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றைச் செலுத்துவது. காற்று மேலே ஏறி மூளையின் அறைகளை நிரப்பியதும் எக்ஸ்ரே எடுப்பது. அறைகளின் வடிவம் படத்தில் நிழலாகத் தெரியும். நோயாளிக்கு நாள் கணக்கில் தலைவலியும் வாந்தியும். இந்தக் கொடுமையான முறையில்தான் 1960களில்கூட பிரிட்டனில் ஓய்வுபெற்ற குத்துச்சண்டை வீரர்களைப் படமெடுத்தார்கள். மூளை சுருங்கி அறைகள் அகன்றிருப்பது தெரிந்தது. அறைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சவ்வுத் திரை இரண்டாகப் பிரிந்து, இடையில் குகைபோல ஓர் இடைவெளி விழுந்திருப்பதும் தெரிந்தது. இந்தக் குகையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அலியின் கதையில் அது மீண்டும் வரும்.

ஒன்றிரண்டு பேருக்கு வந்தால் விதி எனலாம். எத்தனை பேருக்கு வருகிறது என்று கணக்கெடுத்தவர் பிரிட்டனின் ராபர்ட்ஸ் என்ற மருத்துவர். 1969இல் வெளியான அவரது ஆய்வில் பழைய தொழில்முறை வீரர்கள் 224 பேரைப் பரிசோதித்ததில் 37 பேருக்கு நரம்பு மண்டலச் சேதம் தெரிந்தது. நூற்றுக்கு 17 பேர் ஆகிறது. சண்டைகளின் எண்ணிக்கை கூடக் கூடச் சேதமும் கூடியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1973இல், கார்செல்லிஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் இறந்துபோன 15 வீரர்களின் மூளைகளை அறுத்துப் பார்த்து எழுதினார்கள். அதே சவ்வுத் திரை கிழிந்திருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் நரம்பணுக்களுக்குள் நூல் சிக்கல் போன்ற முடிச்சுகள். இறந்தவர்களின் வீட்டாரைத் தேடிப் போய், அவர் எப்படி நடந்தார், எப்போது மறதி வந்தது, மனைவி மக்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்றெல்லாம் விசாரித்து எழுதியதுதான் அந்த ஆய்வின் சிறப்பு. மூளையின் சேதம் அந்த வீட்டுப் பெண்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கிடையில் வேறொரு மூலையிலிருந்து உதவி வந்தது. பழைய கிராமபோன் தட்டுகளில் குழாய்முன் அமர்ந்திருக்கும் நாய்ப்படம் நமக்கு நினைவிருக்கும். அந்த எச்.எம்.வி. முத்திரைக்கு அப்போது சொந்தமாக இருந்த நிறுவனம் இங்கிலாந்தின் இ.எம்.ஐ. பாட்டுத் தட்டு விற்ற அந்தக் கம்பெனியில்தான் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் இருந்தார். ஒரே திசையிலிருந்து எக்ஸ்ரே எடுக்காமல், தலையைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எடுத்து, அந்த அளவுகளைக் கணினியிடம் கொடுத்தால், வெள்ளரிக்காயைக் குறுக்கே வெட்டியதுபோலத் தலையின் உட்புறத்தை ஒவ்வொரு துண்டாகப் படமாக்கலாம் என்பது அவர் யோசனை. 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை இவ்வாறு படமெடுக்கப்பட்டது. நெடுக்கில் 80, குறுக்கில் 80 என்று கட்டங்கட்டமாக அமைந்த மங்கிய படம். ஆனாலும் அதில் மூளைக் கட்டி தெரிந்தது. சி.டி. ஸ்கேன் பிறந்த கதை இதுதான். 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டும், இதன் கணக்கைத் தனியே வகுத்திருந்த ஆலன் கார்மக்கும் நோபல் பரிசு பெற்றார்கள்.

இனி அலியிடம் வருவோம். கோலாலம்பூரை விட்டுப் போன மூன்றே மாதத்தில் அவர் மணிலாவில் ஜோ ஃபிரேசியரோடு 14 சுற்றுகள் மோதினார். அது உயிரோடு விளையாடிய சண்டை. 1977இல் அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, போதும், நிறுத்திவிடுங்கள் என்று சொல்லி, சொல் எடுபடாமல் விலகிக்கொண்டார். 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு அரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை நடத்தினார். பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டையை வளர்த்த வடசென்னை மக்கள் அவரைக் காணத் திரண்டார்கள். அதே ஆண்டின் நடுவில், மீண்டும் பட்டத்துக்காக மோத அனுமதி கேட்டபோது, அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் அவரைப் பரிசோதித்தார்கள். சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். படத்தில் அந்தக் குகை இருந்தது!

ஆனால் அந்தக் குகை குத்துப்படாத சிலருக்கும் பிறவியிலேயே இருப்பதுண்டு. இவருக்கும் அப்படித்தான் என்று அறிக்கையில் எழுதப்பட்டது. மூக்கைத் தொடச் சொன்னால் விரல் சற்றுத் தவறியதும், ஒற்றைக் காலில் குதிக்கச் சிரமப்பட்டதும்கூட அதில் இருந்தன. இருந்தும் அனுமதி கிடைத்தது. 1980 அக்டோபர் 2ஆம் தேதி லாரி ஹோம்ஸிடம் அவர் பத்துச் சுற்றுகள் அடி வாங்கினார். பதினோராவது சுற்றுக்குப் பயிற்சியாளர் அனுப்ப மறுத்துவிட்டார். அதன் பிறகும் 1981 டிசம்பரில் பஹாமாவில் இன்னொரு சண்டை. கருவி காட்டியது; காட்டியதைப் படித்தவர்கள் தமக்குச் சாதகமாகப் படித்தார்கள் என்றே நாம் கருதுகிறோம். அலியின் நோய் முழுக்க முழுக்கக் குத்தினால் வந்ததா, குத்து இல்லாமலும் வந்திருக்குமா என்பதில் இன்றுவரை மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அதை மறைப்பது நேர்மையாகாது.

1982 நவம்பரில் கொரிய வீரர் கிம் டுக் கூ லாஸ் வேகாஸில் அடிபட்டு, மூளையில் ரத்தம் கட்டி, சில நாளில் இறந்தார். உலகமே அதிர்ந்தது. 15 சுற்றுகள் 12 ஆகக் குறைந்தது அதன் பிறகுதான். 1983 ஜனவரியில், சி.டி. ஸ்கேன் மூலம் வீரர்களின் மூளையை ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்ட அதே அமெரிக்க மருத்துவ இதழ், நாகரிக நாடுகள் குத்துச்சண்டையைத் தடைசெய்ய வேண்டும் என்று தலையங்கமும் எழுதியது. தடை வரவில்லை.

குத்துச்சண்டை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாத விளையாட்டு, நமக்கென்ன என்று நேயர்கள் எண்ணலாம். காற்பந்துக்கு வருவோம். தோட்டம் என்றால் ஒரு கோயில், ஒரு கள்ளுக்கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு திடல். மாலையில் அந்தத் திடலில் வளர்ந்தவர்கள் நாம். கோலாலம்பூர் டி.பி.சி.ஏ. திடலில் ஆடப் போவது அந்த நாளில் பெரிய கௌரவம். பழைய தோல் பந்து மழையில் ஊறினால் கல்லாகக் கனக்கும். அதைத் தலையால் முட்டுபவனுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாங்கள் கண்ட ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். எங்கள் அணியின் முன்னணி ஆட்டக்காரப் பையனுக்கு 17 வயது இருக்கும். எதிரணிக்காரனோடு தலை மோதி விழுந்தான். எழுந்தவன் எந்தப் பக்கம் கோல் போடுவது என்று கேட்டான். நாங்கள் சிரித்தோம். முகத்தில் தண்ணீரைத் தெளித்து மீண்டும் திடலுக்குள் அனுப்பினோம். அவன் கோலும் போட்டான். தோளில் தூக்கிக்கொண்டு வந்தோம். மறுநாள் அந்தக் கோல் அவனுக்கு நினைவில்லை. அதையும் வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டோம். இன்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

இங்கிலாந்தில் ஜெஃப் ஆஸ்டில் என்ற காற்பந்து வீரர், தலையால் கோல் போடுவதில் வல்லவர், 2002 ஜனவரியில் 59 வயதில் மறதி நோயோடு இறந்தார். அவர் இறப்புக்குக் காரணம் தொழிலால் வந்த நோய் என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தொழிலால் வந்த நோய் என்ற சொல்லின் கனம் தோட்டத்துத் தொழிலாளிகளான நமக்கு நன்றாகத் தெரியும். பூச்சி மருந்து அடித்து நுரையீரல் கெட்டவனும், மருந்துக் காற்றில் கண் கெட்டவனும் நம் லயங்களிலேயே இருந்தார்கள். பின்னர் 2019இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 7,676 முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களின் வரலாற்றை ஆராய்ந்தார்கள். மூளை நலிவு நோய்களால் இறப்பது அவர்களிடையே மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. ஆனால் கோல் காவலர்களுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை என்பது பிறகு தெரிந்தது. அவர்கள் பந்தைக் கையால் பிடிப்பவர்கள் அல்லவா! நம் ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் கைகளை 1988இல் ஒரு சாலை விபத்து பறித்துக்கொண்டது.

சிலாங்கூர் மக்களுக்கு இன்னொரு பெயரும் நினைவுக்கு வரும். மொக்தார் டஹாரி. அலி சண்டையிட்ட அதே 1975இல், மே மாதம், அதே மெர்டேக்கா அரங்கில் அர்செனல் அணிக்கு எதிராக இரண்டு கோல்களையும் போட்டவர். இயக்க நரம்பணு நோயால் 1991 ஜூலை 11ஆம் தேதி, 37 வயதில் மறைந்தார். கிளாஸ்கோ ஆய்வில் ஆட்டக்காரர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட நோய்களுள் இதுவும் ஒன்று. அதனால் பந்துதான் மொக்தாரைக் கொன்றது என்று நாம் சொல்லிவிடக் கூடாது. ஒரு தனி மனிதனைப் பற்றி அப்படித் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது.

ஏன் முடியாது? கருவிகள் இத்தனை வளர்ந்தும் ஏன் முடியவில்லை? 1973இல் பால் லாட்டர்பர் காந்தப் புலத்தைக் கொண்டு உடலின் உட்புறத்தைப் படமாக்கலாம் என்று காட்டினார். பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் அதை விரைவாக்கினார். இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு. அந்த எம்.ஆர்.ஐ. கருவி மூளையின் மென்மையான பகுதிகளைத் துல்லியமாகக் காட்டும். பிரிட்டனில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரர்கள் ஆண்டுதோறும் இந்தப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நரம்பு இழைகளின் வழியே நீர் எந்தத் திசையில் பரவுகிறது என்று அளந்து, இழை எங்கே சிதைந்திருக்கிறது என்று ஊகிக்கும் முறையும் பின்னர் வந்தது.

இருந்தாலும் மூல நோய் அணுவுக்குள் இருக்கிறது. 2002இல் பிட்ஸ்பர்க் நகரில், நைஜீரியாவில் பிறந்த பென்னெட் ஓமாலு என்ற மருத்துவர், 50 வயதில் இறந்த அமெரிக்கக் காற்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையைப் பார்த்தார். மேலோட்டமாகப் பார்க்க அது சாதாரண மூளை. விடாப்பிடியாக மெல்லிய துண்டுகளாக்கிச் சாயமேற்றிப் பார்த்தபோதுதான் டாவ் என்னும் புரதம் முடிச்சு முடிச்சாகப் படிந்திருப்பது தெரிந்தது. கார்செல்லிஸ் குத்துச்சண்டை வீரர்களிடம் கண்ட அதே முடிச்சு. உயிரோடிருக்கும்போதே இந்தப் புரதத்தைப் பார்க்க, கதிரியக்க மருந்தை ஊசி வழி செலுத்திப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் முறையை முயன்றார்கள். 2019இல் வெளியான ஆய்வில் 26 முன்னாள் வீரர்களையும் 31 மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். கூட்டமாகப் பார்த்தால் வேறுபாடு தெரிந்தது. ஒருவரைத் தனியே நிறுத்தி, உனக்கு இந்த நோய் உண்டு, உனக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. இறந்த பிறகு மூளையைச் சோதித்துத்தான் உறுதி செய்கிறார்கள். இன்றைய நிலையும் இதுவே.

ஆகவே நம் பிள்ளை தலையில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போய், ‘ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள்’ என்று திரும்பி வந்தால், அதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். உயிரைக் காக்கும் கருவி அது. திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர்போல வடிதல் ஆகியவை இருந்தால் நொடியும் தாமதிக்கக் கூடாது. ஆனால் இழுபட்ட நரம்பு இழைகளை அந்தப் படம் காட்டாது. படம் சுத்தமாக இருந்தாலும் தலைவலி, மறதி, தலைசுற்றல், எரிச்சல் இருக்கும்வரை மூளை இன்னும் ஆறவில்லை. அந்த நிலையில் இரண்டாவது அடி விழுவதுதான் பேராபத்து. அடிபட்ட அன்றே மீண்டும் ஆட அனுப்புவதில்லை என்பது இன்று உலகெங்கும் உள்ள விளையாட்டு மருத்துவர்களின் முடிவு. இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் பந்தைத் தலையால் முட்டக் கற்றுக்கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

மோட்டார் சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் தலைக்கவச விதிகள் 1973லேயே வந்துவிட்டன. இன்னமும் தோட்டத்துச் செம்மண் சாலையில், ‘பக்கத்தில் கடைக்குத்தானே’ என்று கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறோம்.

மருத்துவரிடம் போகும்போது இந்த முறை விழுந்ததை மட்டும் சொல்லாமல், முன்பு எத்தனை முறை அடிபட்டது, எப்போது, எத்தனை நேரம் நினைவு தப்பியது, அதற்குப் பிறகு வீட்டில் பேச்சும் நடத்தையும் மாறினவா என்பதையும் சொல்லுங்கள். அடிபட்டவனுக்கு அது தெரியாது. தாய்க்கும் மனைவிக்கும் தெரியும். முடிந்தால் ஒரு பள்ளி நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். பழைய படங்களையும் தூக்கிப் போடாமல் உறையோடு எடுத்துப் போங்கள். புதிய படத்தை அவற்றோடு ஒப்பிட்டால்தான் மருத்துவருக்கு மாற்றம் புலப்படும்.